ஆட்சேபணை இல்லை

பொன்னுதுரை இறந்தது மாட்டின் மடிக்குப் பக்கத்தில். ஐப்பசி அடைமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலை. பால் வாளி பாதி நிறைந்திருந்தது. கறக்கும்போது செவலையின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொள்வது அவர் வழக்கம். அதனால் மகன் ஜெயபாலன் புல்லுக்கட்டை இறக்கிப் போட்டு, சாணியை வாரி, தொட்டியில் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. வாளியில் பால் விழும் சத்தம் எப்போதோ நின்றுவிட்டதே என்று திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு காலைக்கூட மாற்றி வைக்காமல் அந்த மனிதரைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தது செவலை.

நல்ல சாவு என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். படுக்கையில் கிடக்கவில்லை, ஒருவர் கையையும் எதிர்பார்க்கவில்லை. சாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல் எல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

காஜா பேராங்கில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே வந்தால் முதலில் பங்களாக்கள், அவற்றுக்குப் பின்னால் பால்காரக் கம்பம் என்கிற குடியிருப்பு, அதற்கும் பின்னால் வயல். பால்காரக் கம்பம் என்றால் ஒரே சந்துதான். இரண்டு பக்கமும் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள், வீட்டுக்கு வீடு மாட்டுக் கொட்டகை. மழைக்காலத்தில் சாணியும் சேறும் கலந்து எது தரை என்று தெரியாது. அங்கே பிறந்தவர்களுக்கு அந்த வாடை மூக்கில் ஏறாது, மற்றவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். சந்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக பங்களாக்களுக்கு நடுவே ஒரு நேர்வழி இருந்தது. மாடு மேயப் போவதும், பால் போவதும், பிள்ளை பள்ளிக்கூடம் போவதும், பிணம் சுடுகாட்டுக்குப் போவதும் அந்த வழியாகத்தான். இன்னொரு வழி பின்பக்கம். மரப்பாலத்தைத் தாண்டி, வயல் வரப்பில் நடந்து, சீனர்களின் காய்கறித் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். மழை பெய்தால் அந்த வரப்பில் முழங்கால் வரை இறங்கும்.

பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள் இருந்தவரை வழிக்கு ஒரு தடையும் இல்லை. அவர்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. துரைசானிகளுக்குக் காலையில் நுரை அடங்காத பால் வேண்டும், அவ்வளவுதான். மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரமானது. துரைமார்கள் கப்பலேறினார்கள். பங்களாக்களுக்கு நம் ஆட்கள் குடி வந்தார்கள், சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லா இனத்திலும் கொஞ்சம். வந்தவர்கள் எந்த விஷயத்தில் ஒத்துப்போனார்களோ இல்லையோ, சுற்றிலும் வேலி, கம்பத்து நேர்வழிக்கு ஒரு இரும்புக் கேட்டு, கேட்டுக்குக் காவலாக ஒரு ஜாகா என்பதில் ஒரே வாரத்தில் ஒத்துப்போனார்கள். பங்களாக்காரர்கள் சேர்ந்து வைத்த சங்கத்துக்குத் தலைவர் கணேசமூர்த்தி. முன்பு பண்டார் ஹிலிரில் கடை மாடியில் குடியிருந்து, கிராணி என்னும் குமாஸ்தா வேலையிலிருந்து படிப்படியாக உயர்ந்தவர். அந்த மாடிப்படியில் ஏறி இறங்கிப் பால் ஊற்றியவர் பொன்னுதுரை.

வழியை அடைக்கலாமா கூடாதா என்று விசாரிக்க நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார். யூனுஸ் பாயின் டீக்கடையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, எல்லாரையும் கூப்பிட்டு, மலாயில் கேட்டார். கணேசமூர்த்தி அதைத் தமிழில் சொன்னார்.

"திருட்டு ஜாஸ்தியாப் போச்சு. போன மாசம் ரெண்டு சைக்கிளக் காணோம். யாரையும் குத்தம் சொல்லல. பொம்பள புள்ளைங்க இருக்கிற வீடு, ஒரு பாதுகாப்பு வேணுமில்ல? பகல்ல கேட்டு தெறந்துதான் இருக்கும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்."

முதலில் யூனுஸ் பாய்தான் வாயைத் திறந்தார். டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அந்தப் பக்கம் வீடும் இல்ல, இந்தப் பக்கம் மாடும் இல்ல. இருந்தாலும் சொல்றேன். அவசரகாலத்துல வெள்ளக்காரன் முள்ளுக்கம்பி போட்டுத் தோட்டத்து ஆளுங்கள உள்ள வெச்சான். கேட்டுல நிக்க வெச்சு சோத்துச் சட்டிய மோந்து பாத்து வெளிய வுட்டான். அதுக்குக் காட்டுல கம்யூனிஸ்டு ஆளு இருக்கான்னு ஒரு காரணம் சொன்னான். இப்ப கம்பியெல்லாம் பிடுங்கியாச்சு. நீங்க பணம் குடுத்துப் புதுசா வாங்கிப் போட்டுக்கிறீங்க. ஒரு ஊருக்குள்ள இன்னொரு ஊரு எதுக்கு சார்?"

"பாய், நீங்க ரொம்பப் பெருசா பேசுறீங்க. இது ஒரு கேட்டு," என்றார் கணேசமூர்த்தி.

"கேட்டுதான். இன்னிக்குத் தெறந்துருக்கும். நாளைக்கி யாரு தெறப்பா? பொன்னுதுரண்ணே, நீங்க சொல்லுங்க. கம்பத்துக்குப் பெரியவரு நீங்கதான்."

எல்லாரும் பொன்னுதுரையைப் பார்த்தார்கள். பொன்னுதுரை தன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மருதமுத்து கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் நின்றான். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவன். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்து ஒரு கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணால் மரத்தில் கோடு பிடித்து வெட்ட முடியாது என்று தோட்டத்தில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டி பாக்கியலட்சுமியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, மாமனார் வீட்டு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் இருந்தான். மாமனார் வீட்டுச் சோற்றை எப்போதும் தலையைக் குனிந்தே சாப்பிட்டான். கேட்டு வந்தால் ஜாகா வேலை அவனுக்கு, கேட்டோரம் இருக்க ஒரு அறையும் உண்டு என்று கணேசமூர்த்தி முதல் நாள்தான் பொன்னுதுரையிடம் சொல்லியிருந்தார்.

"ஆட்சேபணை இல்லீங்க," என்றார் பொன்னுதுரை.

பெரியவரே சொன்ன பிறகு கம்பத்தில் வேறு யாரும் பேசவில்லை. யூனுஸ் பாய் மட்டும் டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, "குடிங்கண்ணே," என்றார்.

வீட்டில் மனைவி பொன்னம்மாள் விடவில்லை.

"நம்ம வழிய நம்மளே அடைக்கச் சொல்லிட்டு வந்து நிக்கிறீங்களே, ஒங்களுக்கு என்னா ஆச்சு? மாடு எப்படிப் போவும்?"

"மாடு சுத்திப் போவும். மாப்பிள்ள எங்கடி போவாரு?"

பொன்னம்மாள் அடுப்பைப் போய் ஊதினாள்.

கேட்டு வந்தது. மருதமுத்துக்குக் காக்கிச் சட்டையும் சாவிக்கொத்தும் வந்தன. கல்யாணமான நாளிலிருந்து பாக்கியம் தனியாக உலை வைத்தது அந்த அறையில்தான். மகள் முகத்தில் அந்தக் களையைப் பார்த்தபோது பொன்னம்மாளுக்கே, மனிதர் செய்தது சரிதானோ என்று தோன்றியது.

ஆரம்பத்தில் சாயங்காலம் மட்டும் சாத்தினார்கள். பிறகு தார் ரோட்டில் சாணி போடுகிறது என்று மாடுகளை நிறுத்தினார்கள். மாடுகள் வயல் வழியாகச் சுற்றிப் போயின. பிறகு சைக்கிள் மணிச் சத்தம் காலைத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார்கள். பால் உள்ளே வரலாம், பால்காரர் வரவேண்டாம் என்று ஏற்பாடாயிற்று. பொன்னுதுரை கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்துவார். மருதமுத்து கேனை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவான். அதுவரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாக்கியம் டீ கொண்டு வருவாள். கண்ணாடிக் குவளை கம்பி இடுக்கில் நுழையாது. அவர் கேன் மூடியை அந்தப் பக்கம் ஏந்த, இவள் இந்தப் பக்கமிருந்து விளிம்பைச் சாய்த்து ஊற்றுவாள். பாதி கீழே போகும்.

"கேட்டத் தெறந்து உள்ள வந்து குடிச்சா என்னாப்பா? அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"மாப்பிள்ள சொல்ல மாட்டாரும்மா. பாத்தவங்க அவரச் சொல்லுவாங்க."

சில நாள் யாராவது ஒரு வீட்டு அம்மாள் மருதமுத்துவைப் பாசாருக்குச் சாமான் வாங்க அனுப்பியிருப்பாள். பாக்கியமும் பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போயிருப்பாள். கேட்டில் பூட்டுத் தொங்கும். பொன்னுதுரை வெயிலில் நின்று பார்ப்பார். பால் திரிந்துவிடும் என்றானதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். போன கையோடு சைக்கிள் சத்தம் கேட்டால் பொன்னம்மாள் அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

"வந்துட்டீங்களா? கேட்டு சாத்தியிருந்துச்சா?"

"ஆமா. மாப்பிள்ளைய எங்கியோ அனுப்பிட்டாங்க போல."

ஒரு நாளாவது மாப்பிள்ளையைக் குறை சொன்னதில்லை. ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிட்டு, கேனோடு மரப்பாலம் பக்கம் சைக்கிளைத் தள்ளுவார். சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வந்து, பங்களாக்களின் முன்பக்கக் கேட்டில் நின்று கூப்பிடுவார். இப்படியே ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது.

அப்பா போய்விட்டார் என்று ஜெயபாலன் வந்து கம்பிக்கு வெளியே நின்று சொன்னபோது, பாக்கியம் அப்படியே ஓடினாள். மருதமுத்துவால் ஓட முடியவில்லை. அவனுக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. கணேசமூர்த்தி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மறுநாள் அவர் மகள் சந்திரமதிக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்டு, வாழைமரம் கட்டி, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் கணேசமூர்த்திக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

"அடடா. பெரியவரா? சந்திரமதிக்குச் சின்ன வயசுலேர்ந்து அவரு கொண்டாந்த பால்தானய்யா."

"சாயங்காலம் எடுக்கிறாங்க சார். பின்னால வரப்பெல்லாம் தண்ணி. இந்த வழியாத்தான்... கொஞ்ச நேரந்தான் சார். சங்கு ஊத வேணாம்னு சொல்லிடறேன்."

கணேசமூர்த்தி உள்ளே திரும்பிப் பார்த்தார். பெண்கள் முறுக்குச் சுடும் வாசனை வந்தது.

"பாக்கலாம் முத்து. பெரியவங்கல்லாம் இருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கிராணி சொல்லும் 'பார்க்கலாம்' என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. லீவு கேட்டால் பார்க்கலாம், ஒழுகும் கூரைக்குத் தகரம் கேட்டால் பார்க்கலாம். அப்பன் காலத்திலிருந்து கேட்டு அலுத்த வார்த்தை அது. ஆனாலும் அன்றைக்கு, அந்த மனிதர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, மருதமுத்து அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான். பாவம்.

இழவு வீட்டில் எல்லாக் காரியத்தையும் நின்று நடத்துகிறவர் நல்லையா. கம்பத்தில் எத்தனையோ பேரை வழியனுப்பியவர். பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டே கேட்டார்.

"வழிக்கு என்னா செய்றது மாப்பிள்ள? கேட்டுல சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன். தெறந்துடலாம்."

"சாவியே மாப்பிள்ள இடுப்புலதான இருக்கு," என்றார் யாரோ. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டு, மழை சற்று ஓய்ந்த நேரம் பார்த்துத் தூக்கினார்கள். ஜெயபாலன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். மருதமுத்து முன்பக்கத் தோள் கொடுத்தான். நல்லையா பொரியை இறைத்துக்கொண்டே வந்தார். பெண்கள் தெருமுனைவரை வருவது வழக்கம். முன்பு தெருமுனை என்றால் பெரிய ரோடு. இப்போது கேட்டுதான் முனை என்பதால் அதுவரை வந்தார்கள், பாக்கியம் முன்னால் இருந்தாள். பொன்னம்மாளை வீட்டில் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். பாடை வாசலைத் தாண்டியதுமே வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள்.

கேட்டு பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் கணேசமூர்த்தி நின்றிருந்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம். கம்பிகளுக்கு நடுவே கையைக் கூப்பினார்.

"முத்து. ஒன்னைக் கும்பிட்டுக் கேக்கிறேன். நான் வேணாம்னு சொல்லல. பந்தக்கால் நட்ட வீட்டு வாசல் வழியாப் போச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இப்பவே எழுந்து போயிடுவாங்க. பொண்ணு வாழ்க்கைய்யா. நீயும் பொண்ணு பெத்தவன்தான். நீயே சொல்லு, எம்மேல தப்பா?"

அவர் மேல் தப்பு என்று சட்டென்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுதான் கொடுமை. பந்தல் போட்ட வீட்டை எதிர்கொள்ளாமல் பிணம் ஒதுங்கிப் போகவேண்டும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்த சம்பிரதாயம். ஒதுங்கிப் போக ரோடு திறந்து கிடந்த காலத்துச் சம்பிரதாயம் அது.

ஜெயபாலனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. சட்டியில் புகை கண்ணில் ஏறியது.

"நாளைக்கிப் பாயசத்துக்குப் பாலு எங்க மாட்டுதுதான சார்? இன்னிக்கி வரைக்கும் அப்பா கறந்தது. அது மட்டும் உள்ள வரலாமா?"

கணேசமூர்த்தி கூப்பிய கையை இறக்கவில்லை.

"மச்சான், தெறங்க," என்றான் ஜெயபாலன். "சாவி ஒங்ககிட்டதான இருக்கு? யார்ட்ட கேக்கணும்? ஒங்க மாமாவுக்கு ஒரு வழி தெறக்க மாட்டீங்களா?"

பாடையைத் தூக்கியவர்களுக்குத் தோள் இற்றுக்கொண்டிருந்தது. பாதி வழியில் பெரிய அங்சானா மரத்தடியில்தான் இறக்குவார்கள். அங்கே பாடையைத் தலை கால் மாற்றித் திருப்பி வைப்பார்கள், போனவர் வீட்டுக்குத் திரும்பி வரும் வழி தெரியாமல் இருக்க. அதற்கு முன் எங்கேயும் இறக்கக்கூடாது. பின்னாலிருந்து யூனுஸ் பாய் வந்து மருதமுத்துவின் தோளுக்குத் தன் தோளைக் கொடுத்தார்.

"போ தம்பி. மனசுல என்னா தோணுதோ செய்."

மருதமுத்து கேட்டுக்குப் போனான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். திறந்தால் வேலை அன்றோடு சரி. அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளைகளோடு மறுபடியும் அந்தச் சாய்ப்பு. அதெல்லாம் தெரிந்துதான் சாவியைப் பூட்டருகே கொண்டு போனான்.

"வேணாங்க," என்றாள் பாக்கியம்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"தெறக்க வேணாம். அப்பா அன்னிக்கி பாய் கடையில எதுக்கு அப்பிடிச் சொன்னாரு? ஒங்களுக்குத்தான. நம்ம நாலு பேருக்குத்தான. இன்னிக்கி நீங்க இதத் தெறந்துட்டு, நாளைக்கி புள்ளைங்கள இழுத்துக்கிட்டு மாட்டுக் கொட்டாயில வந்து நின்னா, அவரு ஒரு வருசமா நடந்த நடைக்கி என்னாங்க அர்த்தம்?"

"ஒங்கப்பாவ வூட்டு வாசல் வழியாத் திரும்பக் கொண்டு போறதா? எடுத்த பொணத்த யாரும் அப்பிடிச் செய்வாங்களா பாக்கியம்?"

"சுத்திதான் போவாரு. எத்தன நாளு சுத்திப் போனாரு. நீங்களும் நானும் உள்ள இருந்து பாத்துக்கிட்டுதான இருந்தோம்."

இதைச் சொல்லிவிட்டு அவள் கம்பியில் தலையை வைத்து அழுதாள். வழக்கமாக அப்பா பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பி. வயதில் மூத்த பெண்கள் வந்து அவளைப் பிடித்து விலக்கினார்கள்.

யாரும் மருதமுத்துவை அவசரப்படுத்தவில்லை. பிறகு சாவியை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, யூனுஸ் பாயின் தோளிலிருந்து மூங்கிலை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

நல்லையாதான் திணறினார்.

"மரத்தடியில திருப்பறத இங்கயே திருப்பிடுவோம். வேற என்னா செய்றது? திருப்பறதே திரும்பி வராம இருக்கத்தான். திருப்பிட்டு வூட்டுப் பக்கமே கொண்டு போறதுக்கு எந்தச் சாத்திரத்துல எடம் இருக்குன்னு எனக்குத் தெரியல. எத்தனையோ பேரு எடுத்துருக்கேன். இந்த மாதிரி எடுத்ததில்ல."

சேற்றில் பாயை விரித்து, பாடையை இறக்கி, தலை கால் மாற்றித் திருப்பினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் கணேசமூர்த்தி மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுததில் பொய் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் யாரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வந்த வழியே திரும்பினார்கள். இறைத்திருந்த பொரியைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன, அவற்றை விரட்டிக்கொண்டே நடந்தார்கள். வீடு நெருங்கும்போது, சங்கு ஊதவேண்டாம், யாரும் வாயைத் திறக்கவும் வேண்டாம் என்று நல்லையா சொல்லிவிட்டார். பொன்னம்மாளுக்குத் தெரியாமல் தாண்டிவிடலாம் என்று நினைத்தார்.

வீடு கழுவி முடிந்து, கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு வைத்திருந்தார்கள். பொன்னம்மாளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரப் புடவையோடு உட்கார வைத்திருந்தார்கள். பாடை வருவதைப் பார்த்த ஒருத்தி, "ஐயோ, கதவச் சாத்துங்கடி," என்று ஓடினாள். ஆனால் இத்தனை வருஷமாக வாசலில் கேட்கும் காலடிச் சத்தத்துக்கே எழுந்து பழகிய காது அது. இந்தப் பக்கத்திலிருந்து, இவ்வளவு சீக்கிரம், இத்தனை கால்கள். பொன்னம்மாள் பிடித்திருந்தவர்களின் கையை உதறிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

அலறப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அலறவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, பாடையை அண்ணாந்து பார்த்து, அடுப்படியிலிருந்து கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"வந்துட்டீங்களா? கேட்டு சாத்தியிருந்துச்சா?"

தூக்கியவர்களின் கால் நின்றுவிட்டது. செவலை கொட்டகையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. எப்போதும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் மேலே படுத்திருந்தார். அவருக்குக் கீழே மூங்கிலுக்குத் தோள் கொடுத்து, இடுப்பில் சாவியோடு, மருதமுத்து நின்றான். அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆமாங்க அத்தை," என்றான். "சாத்தியிருந்துச்சு."